கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரம்

பெரம்பலூரை அடுத்த காரை என்கிற ஊருக்குப் பக்கத்தில் வெடித்துக் கிடக்கும் பொட்டல் பூமி இருக்கிறதே, அது ராஜஸ்தானாக நடித்திருக்கிறது, ஆப்பிரிக்காவாக நடித்திருக்கிறது, ஒரு பாட்டுக் காட்சியில் செவ்வாய்க் கிரகமாகக்கூட நடித்துவிட்டது. பெரம்பலூராக மட்டும் ஒருமுறைகூட நடித்ததில்லை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையும் நீலமுமாக நின்றால் அது வெளிநாட்டு ஏரி. ரஞ்சன்குடிக் கோட்டை வடநாட்டு ராஜா ஒருவனுடைய சிறைச்சாலை. கொள்ளிடத்து மணல் அரபு தேசம். எங்கள் இரண்டு ஜில்லாவும் சினிமாக்காரன் கண்ணுக்குத் துணிக்கடை பொம்மை மாதிரி, எந்தச் சட்டையை மாட்டினாலும் வாயைத் திறக்காமல் நிற்கும்.

இத்தனை சட்டையையும் மாட்டிவிட்ட ஆள் ஒருவன்தான். பெயர் அருளானந்தம். வரதராசன்பேட்டைக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவில் முந்திரிக் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஊர்க்காரன். சென்னையிலிருந்து எந்தக் கம்பெனி வந்தாலும் முதலில் அவனுக்குத்தான் போன் வரும். ஊரில் அவனை லொகேஷன் அருளானந்தம் என்பார்கள்.

பிறக்கும்போதே யாரும் லொகேஷனாகப் பிறப்பதில்லை. அரியலூர் ரயிலடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் ஓர் உதவி இயக்குநர் ஏறினார். சுரங்கம் சுரங்கமாகச் சுற்றிவிட்டு எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். கேட்காமலே இவன் வாயைத் திறந்தான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உச்சி வெயில்ல பாத்தா எந்த எடமும் செத்த எடம் மாதிரிதான் இருக்கும். சாயங்காலம் கூட்டிட்டு வரேன், பாருங்க."

சாயங்காலம் அதே சுரங்கத்தைப் பார்த்து அந்த மனுஷன் வாயைப் பிளந்தார். அதோடு அருளானந்தத்துக்குப் பிடித்தது சினிமாப் பைத்தியம்.

அவன் வேலை செய்யும் விதமே தனி. எந்த இடத்தையும் வெயில் சாயாமல் காட்டமாட்டான். சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி கண்ணில் படாதபடி ஊரைச் சுற்றி, வண்டிப்பாதையில் இடுப்பொடியக் கூட்டிவருவான். முன்கூட்டியே ஒருமுறை போய் ஆடுகளை அப்புறம் ஓட்டி, பிளாஸ்டிக் பையெல்லாம் பொறுக்கி, நல்ல பக்கமாக நின்று போட்டோ எடுத்துவைத்திருப்பான். அவன் போனில் இருக்கும் படங்களைப் பார்த்தால் நம் ஜில்லாவில் மின்கம்பமே கிடையாது என்று சத்தியம் செய்வீர்கள்.

இன்னொன்றையும் அவன் பட்டுத்தான் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் ஒரு டைரக்டருக்குச் சுரங்கக் குட்டை ஒன்றைக் காட்டினான். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவன் சும்மா இருக்காமல், "இங்கதான் சார் எங்க பக்கத்து ஊருப் புள்ளைங்க ரெண்டு குளிக்க வந்து முழுவிப் போச்சு" என்று சொல்லித் தொலைத்தான். டைரக்டர் முகம் சுருங்கியது. அன்று மாலையே கம்பெனி வேறு ஜில்லாவுக்கு வண்டியைத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு அருளானந்தம் இடத்தைக் காட்டுவான், அங்கே நடந்ததைச் சொல்லமாட்டான். சினிமாக்காரனுக்கு யாரும் அழாத, யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம்தான் வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துபோயிற்று.

அவன் மனைவி மரிய புஷ்பம். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவள். சினிமா பார்க்கமாட்டாள். இடத்தைத் தேடிக்கொண்டு புருஷன் நாலு நாள் காணாமல் போனாலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. பெண் பிள்ளை. பிறக்கும்போதே மூச்சில்லை. இது அவன் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலத்துக் கதை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, மணி அடிப்பதில்லை, சிலுவை நடுவதில்லை என்று அவன் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பெற்றவளைக் கேட்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில், கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடக்கிற வேலியடியில், துண்டில் சுற்றிக் கொண்டுபோய் அருளானந்தம்தான் புதைத்துவிட்டு வந்தான். மழை பெய்துகொண்டிருந்தது.

படுக்கையிலிருந்து எழுந்ததும் புஷ்பம் கேட்ட முதல் கேள்வி, "எங்க வச்சீங்க?" கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வேலியில் ஒரு கல்லுக்கால் மட்டும் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் அடியில். அவன் வாழ்க்கையில் இன்னொருத்தருக்குக் காட்டிய முதல் இடம் அதுதான்.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வருஷா வருஷம் நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வரும். ஊரே சுண்ணாம்பு வாளியும் சாமந்தி மாலையுமாகத் தோட்டத்துக்குள் இறங்கும். பூசை முடிந்து சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். மேற்கு ஓரத்துக்கு வரமாட்டார். அங்கேதான் கல்லறையே இல்லையே. எல்லாரும் கிளம்பிய பிறகு புஷ்பம் அந்தச் சாய்ந்த கல்லுக்காலடிக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, தலைமுக்காட்டோடு கொஞ்ச நேரம் குந்தியிருப்பாள். அருளானந்தம் வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு நிற்பான். ஒருமுறைகூட அவளோடு உள்ளே போனதில்லை. போனால் அழுகை வந்துவிடும் என்று பயம். ஆம்பிளை அழலாமா என்ன.

போன ஆடி மாதம் ஒரு பெரிய கம்பெனி வந்தது. படத்தின் கடைசிக் காட்சி பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறதாம். செம்மண் வேண்டும், மரம் வேண்டும், பழைய சிலுவைகள் வேண்டும். அருளானந்தம் ஏலாக்குறிச்சிப் பக்கம் காட்டினான், செந்துறைப் பக்கம் காட்டினான். ஒன்றில் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், ஒன்றில் செல்போன் டவர் நின்றது, ஒன்றில் ஊர்க்காரர்களே விரட்டிவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் போனில் வந்தார்.

"அருளண்ணே, இந்த ஒரு எடத்த முடிச்சுக் குடுத்துருங்க. டைட்டில்ல உங்க பேரு தனியா வரும். டைரக்டரே சொல்லிட்டாரு."

இந்த வார்த்தையில்தான் மனுஷன் கவிழ்ந்தான். இத்தனை வருஷத்தில் எந்தப் படத்திலும் அவன் பெயர் வந்ததில்லை. மாடு கொடுத்தவன் பெயர்கூட நன்றி என்று போட்டு ஓடும், இவன் பெயர் ஓடாது. ஒருமுறை கட்டாயம் வரும் என்று நம்பி, சினிமாவே பார்க்காத புஷ்பத்தை ஜெயங்கொண்டம் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனான். படம் முடிந்து, எழுத்தெல்லாம் ஓடி, விளக்குப் போட்டு, பெருக்குகிற பொம்பளை வந்து "எந்திரிங்க" என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பம் அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மேனேஜர் கேட்கிற மாதிரியே ஒரு தோட்டம் அவன் ஊரிலேயே இருந்தது. செம்மண், முந்திரி மரம், சாய்ந்த பழைய சிலுவைகள், எல்லாம். ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். பிறகு போட்டோ எடுத்து அனுப்பினான். பிறகு கூட்டிக்கொண்டும் வந்தான்.

வெயில் சாய்ந்து மண் சிவந்து கிடந்த நேரம். டைரக்டர் சிலுவைகளுக்கு நடுவில் நடந்தார். இரண்டு கையாலும் கட்டம் கட்டிப் பார்த்தார். "இதான்" என்றார். அருளானந்தத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூட வந்த கலை இயக்குநர் தமிழரசன் மட்டும் மேற்கு ஓரம்வரை போய் முள்ளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த ஓரத்துல என்ன இருக்கு? இங்கயும் பொதைச்சிருக்காங்களா?"

சொல்லியிருக்கலாம். "என் புள்ள இருக்குது சார், அந்தக் கல்லுக்காலுக்குக் கீழ" என்று நாலு வார்த்தை. சொன்னால் டைரக்டர் முகம் சுருங்கும். சுருங்கின முகத்தை இவன் ஏற்கெனவே பார்த்தவன். அதோடு, இத்தனை காலம் யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கூலிங்கிளாஸ் போட்ட ஆளிடம் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

"அங்க ஒண்ணும் இல்ல சார்" என்றான். "வெறும் முள்ளுதான்."

"அப்பச் சரி. கேமராவ இங்கேருந்துதான் வைக்கணும். ஜேசிபி விட்டு லெவல் பண்ணிரலாம்."

அடப்பாவி மனுஷா, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா. ஜேசிபி வருகிற அன்றைக்குப் பக்கத்திலேயே நின்று, அந்தக் கல்லுக்காலை மட்டும் விட்டுவிடச் சொன்னால் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஊர்க் கமிட்டிக்குக் கம்பெனி காம்பவுண்டுச் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னது. கமிட்டிக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு சம்மதித்தார்கள். தோட்டத்தில் படம் எடுக்கப்போகிறார்கள் என்றதும் புஷ்பம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மேக்கால பக்கம் போவ மாட்டாங்கல்லங்க?"

"அங்க என்ன வேல அவனுங்களுக்கு" என்றான்.

ஜேசிபி வந்த அன்று காலையில் மேனேஜர் அவனைத் திருமானூருக்கு அனுப்பினார். மறுநாள் கொள்ளிடத்து மணலில் ஒரு காட்சி, ஆட்களைப் பார்த்துப் பேசி முடிக்கவேண்டும். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினான். ஜேசிபி ஓட்டுகிற செல்லதுரை தெரிந்த பையன்தான். ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் காரணம் கேட்பானே என்று போடவில்லை. திருமானூரில் வேலை இழுத்துக்கொண்டே போனது.

அவன் திரும்பி வந்தபோது மேற்கு ஓரம் நெல் அடிக்கிற களம் மாதிரி மழமழவென்று கிடந்தது. முள் இல்லை. பாட்டில் இல்லை. வேலியே இல்லை. கேமரா ஓடுவதற்குத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லதுரை மர நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. சுத்தமா எடுத்துட்டேன், பாத்தீங்களா."

"கல்லுக்காலெல்லாம் எங்கடா?"

"ஆர்ட் ஆளுங்க புடுங்கச் சொன்னாங்கண்ணே. கம்பி வேலி படத்துக்கு ஆவாதாம். அந்தா, குமிச்சுக் கெடக்குது."

"மண்ணு?"

"ரோட்டுப் பள்ளத்துல கொட்டி மட்டம் அடிச்சுட்டேன்."

"எவ்வளவு ஆழம் எடுத்தே?"

"முழங்காலளவு இருக்கும். ஏண்ணே, ஏதாச்சும் பிரச்சினையா?"

அருளானந்தம் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான். அன்று மழையில் தான் எவ்வளவு ஆழம் தோண்டினோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தான். இடுப்பளவா, தொடையளவா? ஞாபகம் வரவில்லை. ரோட்டுக்குப் போனான். பள்ளத்தை அடைத்த செம்மண்மேல் ஆண்டிமடம் பஸ் ஏறி இறங்கிப் போனது. குனிந்து அந்த மண்ணை அள்ளிப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை. டீக்கடையிலிருந்து நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படப்பிடிப்பு முடிந்தது. கம்பெனி போயிற்று. சொன்ன சொல் தவறாமல் சுவர் எழுப்பி வெள்ளை அடித்துக் கொடுத்தார்கள். ஊரில் அருளானந்தத்துக்கு ஏக மரியாதை. கோயில் வாசலில் நிறுத்திக் கமிட்டித் தலைவர் சால்வை போட்டார். அந்தச் சால்வையை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டான். புஷ்பம் பார்த்துவிட்டு, "நல்ல சால்வையா இருக்குதே" என்றாள். தோட்டத்துக்கு நடுவருஷத்தில் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நவம்பர் வரை அவனுக்குத் தவணை இருந்தது.

இடம் கண்டுபிடிப்பதுதானே அவன் பிழைப்பு. கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். சுவரோரமாக நடந்து நடந்து பார்த்தான். இந்த முந்திரி மரத்துக்கு நேராகவா, அந்தப் பெரிய சிலுவைக்கு நேராகவா? வருஷா வருஷம் வாசலில் நின்றவனுக்கு எப்படித் தெரியும். பிறகு போனைத் திறந்தான். கம்பெனிக்கு அனுப்புவதற்கு அந்தத் தோட்டத்தை மட்டும் எத்தனை படம் எடுத்திருக்கிறான். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சிலுவைகள் இருக்கின்றன, மரம் இருக்கிறது, இலைக்கு நடுவில் இறங்குகிற வெயில்கூட இருக்கிறது. மேற்கு ஓரம் மட்டும் ஒன்றில்கூட இல்லை. ஒவ்வொரு படமும் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. முள்ளும் குப்பையும் தெரியக் கூடாது என்று அவனேதான் ஒதுக்கி ஒதுக்கி எடுத்திருந்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

தமிழரசனுக்குப் போன் போட்டான்.

"சார், நம்ம கல்லறைத் தோட்டம் லெவல் பண்றதுக்கு முன்னாடி, அந்த மேற்குப் பக்கம் ஏதாச்சும் போட்டோ எடுத்தீங்களா?"

"அந்தப் பக்கமாண்ணே? எடுக்கலயே. நீங்கதான அங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. ஆங், சொல்ல மறந்துட்டேன் பாருங்க. டைட்டில் கார்டு போட்டாச்சு. உங்க பேரு தனி கார்டு. அருமையா வந்துருக்கு."

"சந்தோசம் சார்" என்றான். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின காலை, ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் அவன் தோட்டத்துக்குப் போனான். பிடுங்கிக் குவித்த கல்லுக்கால்கள் மூலையில் கிடந்தன. ஒன்றைத் தேர்ந்து, மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு வந்து, புதுச் சுவரோரத்தில் உத்தேசமாக ஓர் இடத்தில் குழி பறித்து நட்டான். உள்பக்கமாகச் சாய்த்து நட்டான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். சாய்வு போதவில்லை என்று மறுபடி அசைத்துச் சரிபண்ணினான். அடியில் சருகு அள்ளிப் போட்டுப் புதுமண் தெரியாமல் மறைத்தான். சினிமாக்காரன் செட் போடுவதை இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கையல்லவா, கச்சிதமாகத்தான் செய்தான்.

மறுநாள் சாயங்காலம் பூசை முடிந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். ஊர் கலைந்தது. புஷ்பம் மெழுகுவத்தியும் தீப்பெட்டியுமாக மேற்கே திரும்பினாள். இந்தத் தடவை அருளானந்தமும் கூடவே உள்ளே வந்தான். அவள் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சுவரைப் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது. "முள்ளெல்லாம் எங்கங்க?"

"சொவரு வச்சப்ப எடுத்துட்டாங்க. நம்ம கல்லுக்காலத் தொட விடலயே நானு. அந்தா பாரு."

அவன் கைநீட்டிய இடத்தில் கல்லுக்கால் சாய்ந்து நின்றது. புஷ்பத்தின் முகம் தெளிந்தது. வேகமாகப் போய் அதன் முன்னால் குந்தினாள். சருகை ஒதுக்கினாள். கல்லின் அடியை விரலால் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். கை நின்றுவிட்டது.

"மெழுவு எங்க?"

"என்ன மெழுவு?"

"வருசா வருசம் இதுமேல சாச்சு வச்சுத்தான கொளுத்துவேன். அடியெல்லாம் மெழுவு வழிஞ்சு வழிஞ்சு கட்டி தட்டிக் கெடக்கும். நெகத்தால சொரண்டுனாலும் வராது." கறுத்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். "இது அந்தக் கல்லு இல்ல."

அருளானந்தம் குனிந்து, அவள் ஒதுக்கிய சருகைக் கல்லடிக்குத் திரும்பத் தள்ளினான்.

"எங்கருந்து எடுத்துட்டு வந்து நட்டீங்க?"

"புஷ்பம், எடம் இதான். கல்லுதான் மாறிப்போச்சு."

"எடம் இதானா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். எத்தனை டைரக்டரிடம் கூசாமல் சொன்ன வாய் அது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"தெரியல புஷ்பம்" என்றான். "ஜேசிபி விட்டுட்டாங்க. மண்ணையும் அள்ளிட்டாங்க. நான் அன்னைக்குத் திருமானூர் போயிட்டேன்."

"ஒங்கள ஒரு வார்த்த கேக்காமயா விட்டாங்க?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். இத்தனை வருஷம் பயந்த அழுகை இப்போது வந்தது, தடுக்கவும் தோன்றவில்லை.

"அங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

புஷ்பம் கத்தவில்லை, அழவுமில்லை. எழுந்து சேலையில் ஒட்டிய சருகைத் தட்டினாள். அந்த மழமழப்பான தரையின் நடுவில், எந்த அடையாளமும் இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றாள். மெழுகுவத்தியை ஏற்றினாள். நிறுத்திவைக்க ஒன்றும் இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டாள். மெழுகு உருகி விரலில் இறங்கியது, அவள் கையை எடுக்கவில்லை. உதடு அசைந்தது. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. என்ன பெயர் என்றுதான் காதில் விழவில்லை. இத்தனை காலமும் அவள் இங்கே வந்து முணுமுணுத்தது செபம் என்றல்லவா நினைத்திருந்தான்.

காற்று வந்து திரி அணைந்தது. அவள் முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"புஷ்பம், புள்ளைக்குப் பேரு வச்சிருந்தியா?"

"வச்சிருக்கேன்."

"என்ன பேரு? எனக்குச் சொல்லு."

அவள் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாட்டேன். எடத்தக் காட்டச் சொன்னேன், அதக் கொண்டுபோயி ஊரானுக்குக் குடுத்துட்ட. பேராச்சும் என்கிட்ட இருக்கட்டும்."

வண்டியில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.